எட்டுப் பக்கக் கொள்கையும் ஒரு நூல் உருண்டையும்

வாசலில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே நாலு விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் என் நெஞ்சுக்கூடே அதிர்ந்தது. கஞ்சி வாடையும் எண்ணெய் வாடையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. ஓட்டில் பதித்திருந்த கண்ணாடி வழியாக வெயில் விழுந்த இடத்தில் மட்டும் பஞ்சுத் தூசி மிதப்பது தெரிந்தது.

அந்தத் தூசிக்குள் ஒரு சிறுமி சிரித்துக்கொண்டே ஓடினாள். ஊடை நூல் சுற்றிய குச்சியைத் தார் என்பார்கள். ஒரு தறியில் தார் தீரப்போவதை யாரும் சொல்லாமலே பார்த்து, புதுத் தார் ஒன்றை எடுத்துப் போய்த் தன் அம்மா கையில் கொடுத்தாள். அம்மா ஏதோ வாயசைத்தார். இவளும் வாயசைத்து, கையால் யாரோ தொந்தியைத் தள்ளிக்கொண்டு நடப்பதுபோல் நடித்துக் காட்டினாள். அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அவள் பெயர் தெய்வானை. நாலாம் வகுப்பில் என் மாணவி. ஆறு மாதமாக மூன்றாவது பெஞ்சில் கல்லுப் பிள்ளையாராட்டம் உட்கார்ந்திருந்தவள். அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. மந்தம் என்று நானே முடிவுகட்டி, அதைக் காகிதத்தில் எழுதி, அவளைப் பள்ளியை விட்டு நிறுத்தப் பெற்றோரிடம் சம்மதம் வாங்கத்தான் அன்று அங்கே போயிருந்தேன். காகிதம் கைப்பையில் இருந்தது.

அங்கே பார்த்த பிள்ளைக்கும் காகிதத்தில் இருந்த பிள்ளைக்கும் சம்பந்தமே இல்லை.

எனக்கும் ஒரு கொள்கை இருந்தது

போன இதழைப் படித்துவிட்டு ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். பயிற்சிக் கல்லூரியில் படிக்கிற பெண். சிறப்புக் குழந்தைகளுக்கு ஆசிரியை ஆகப்போகிறாராம். 'உங்கள் கற்பித்தல் கொள்கை என்ன அம்மா? எங்களை ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள்' என்று கேட்கிறார்.

மகளே, நானும் எழுதினேன். எட்டுப் பக்கம். அந்தக் காலத்திலும் இந்தத் தலைவேதனை உண்டு. பயிற்சிப் பள்ளியில் இருபது வயதுப் பெண்கள் முப்பது பேர் உட்கார்ந்து, ஒரு பிள்ளைக்கும் 'அ' எழுதச் சொல்லித்தராமலே, கல்வி என்றால் என்ன என்று எழுதித் தள்ளினோம். என் கட்டுரைக்கு 'மிக நன்று' கிடைத்தது. எங்கள் தலைவியம்மா அதை வகுப்பில் வாசித்துக்கூடக் காட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டு, உள்ளுக்குள் பல்லக்கில் போய்க்கொண்டிருந்தேன்.

அதில் ஒரு வரி இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. 'கவனமே கல்வியின் வாசல். கவனிக்க மறுக்கும் பிள்ளையைக் கண்டிப்பதும் அன்பே.' படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. எழுதியவளை இழுத்து வைத்து அறையலாம் போலவும் இருக்கிறது.

படிப்பு முடிந்ததும் சாமளாபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் வேலை கிடைத்தது. அறுபதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷம் சரியாக நினைவில்லை. மழை பொய்த்து, கரண்ட்டை நினைத்த நேரத்தில் நிறுத்திக்கொண்டிருந்த வருஷம். நான் அவிநாசிப் பக்கத்துக் காட்டுக்காரர் வீட்டுப் பெண். பருத்தி தெரியும், சோளம் தெரியும். தறி என்றால் தறிகெட்டவள்தான், ஒன்றும் தெரியாது. அது பின்னால் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் இப்போது சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இப்போதும் வரும். பால்காரரிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்.

நினைத்தால் செய்கிறவள்

தெய்வானை மக்காக இருந்திருந்தால் நான் அவளை அடித்திருக்கவே மாட்டேன். அவளிடம் எனக்குப் பொறுக்காதது அதுதான்: நினைத்தால் செய்தாள், நினைக்காவிட்டால் செய்யவில்லை.

கரும்பலகையில் எழுதிப்போட்டால் அச்சடித்தமாதிரி எழுதுவாள். கணக்கைப் பலகையில் போட்டால் முதலில் முடிப்பவள் அவள்தான். அதே கணக்கை வாயால் சொன்னால் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எதிரில் நின்று கேட்டால் பாதி நாள் பதில் வரும். கொஞ்சம் தடித்த குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் வரும். மற்றப் பிள்ளைகள் கிண்டல் செய்து சிரிப்பார்கள். பலகையில் எழுதிக்கொண்டே நான் கேட்டால் பதிலே வராது.

சொல்வதெழுதுதலில் தினமும் சுழி. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதக் கூடாது என்று நான் பெஞ்சுகளுக்குப் பின்னால் நடந்துகொண்டே சொல்வேன். பயிற்சிப் பள்ளியில் சொல்லித்தந்த முறை அது. நான் பத்துச் சொல் சொல்லி முடிக்கும்வரை தெய்வானை பென்சிலைப் பிடித்துக்கொண்டு, திரும்பித் திரும்பி என்னைப் பார்ப்பாள். "முன்னால் பார்" என்று தலையில் ஒரு குட்டு வைப்பேன்.

ஆஜர் எடுக்கும்போது தங்கமணிக்கு அடுத்து தெய்வானை. தங்கமணி எழுந்து உட்கார்ந்ததும் இவள் எழுந்து "உள்ளேன் டீச்சர்" என்பாள். ஒரு நாள் தங்கமணி வரவில்லை. தெய்வானை பெயரை மூன்று தடவை கூப்பிட்டேன். என் கண்ணெதிரில் உட்கார்ந்துகொண்டு வாயைத் திறக்கவில்லை. எனக்கு உச்சந்தலைவரை ஏறிவிட்டது.

ரூல்தடியால் அடிக்கும்போது இடது கையைத்தான் நீட்டச் சொல்வேன். எழுதுகிற கை வலிக்கக் கூடாது பாருங்கள். அதை ஒரு பெரிய கருணையாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தோழிக்குக் கடிதத்தில்கூட எழுதினேன்.

கொழுப்பு, திமிர், மந்தம். மூன்றும் ஒரே பிள்ளையிடம் எப்படி இருக்கும் என்று யோசிக்கவில்லை. அவள் அடி வாங்கும்போது அழவும் மாட்டாள். என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். அதையும் திமிர்க் கணக்கில்தான் சேர்த்தேன்.

தலைமையாசிரியர் நிதானமான மனிதர். காகிதத்தை எழுதிக்கொண்டு போய் நீட்டியபோது, படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எழுத்து நல்லா இருக்குதேங்க டீச்சர், அந்தப் பாப்பாவுக்கு."

"பார்த்து எழுதினால் நன்றாக இருக்கும் சார். சொன்னால்தான் ஏறாது."

"ஒருக்கா அவங்க ஊட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வாங்களே. அப்பறம் எழுதிக்கலாமுங்க."

"எழுதியாயிற்று சார். கையோடு கொண்டுபோய் ஒப்பம் வாங்கி வந்துவிடுகிறேன்."

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "சரிங்க, போயிட்டு வாங்க" என்றார்.

தறிக்குடோன் பேச்சு

இந்த இடத்தில் ஒன்றை விளக்கியாக வேண்டும். அன்று எனக்குத் தெரியாதது அது.

வீட்டை ஒட்டித் தறி போட்டிருக்கும் ஓட்டுக் கொட்டகையைத் தறிக்குடோன் என்பார்கள். தறி ஓடும்போது அங்கே பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. கத்திக் கத்தித் தொண்டையைக் கெடுத்துக்கொள்ள அவர்களுக்கென்ன பைத்தியமா? வாயை மட்டும் அசைப்பார்கள், சத்தம் வராது. எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார். மீதியைக் கை சொல்லும். விரலைச் சுழற்றினால் தார் வேண்டும். இரண்டு விரலை வெட்டினால் நூல் அறுந்துவிட்டது. கட்டை விரலை வாய்க்குக் கொண்டுபோனால் டீ.

யாராவது முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால் என்ன செய்வது? கழிவு நூலை எலுமிச்சம்பழம் அளவுக்கு உருட்டி ஒவ்வொரு தறியின் மேலும் வைத்திருப்பார்கள். அதை எடுத்து முதுகில் எறிவார்கள். கூப்பிடுவது என்றால் அங்கே அதுதான்.

பழகிப்போனால் வெளியிலும் விடாது. முருகன் கோயிலில் கிருத்திகைக் கூட்டத்தில் பாருங்கள். தறிக்காரப் பெண்கள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு சத்தமும் இல்லாமல் குடும்பக் கதை முழுவதும் பேசி முடிப்பார்கள். அர்ச்சகரைக் கேலி செய்வார்கள், அவருக்கும் தெரியாது. பின்னாளில் அதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

காகிதத்தை அவளே படித்தாள்

வாசலில் நின்ற என்னை முதலில் பார்த்தவள் தெய்வானைதான். சிரிப்பு சட்டென்று நின்றது. அம்மாவின் இடுப்பைத் தொட்டு, என்னைக் காட்டினாள்.

அம்மாவின் பெயர் பழனியம்மாள். ஓடி வந்து இரண்டு கையையும் கூப்பினார். அவர் புருவத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. வாங்க வாங்க என்று வாயசைத்து, மர ஸ்டூலை முந்தானையால் துடைத்துப் போட்டார். அவர் வீட்டுக்காரர் நூல் வாங்க வெளியூர் போயிருக்கிறார் என்பதைக் கையால் காட்டியே எனக்குப் புரியவைத்தார்.

நான் உட்காரவில்லை. சுருக்கமாக முடித்துவிட்டுப் போகலாம் என்று காகிதத்தை எடுத்து நீட்டினேன்.

பழனியம்மாள் எழுத்தறியாதவர். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த காகிதம் நல்ல காகிதம்தான் என்று அவருக்கு நிச்சயம். பிறகு அந்த வீட்டில் எந்தக் கடுதாசி வந்தாலும் செய்வதைச் செய்தார். காகிதத்தை மகளிடம் கொடுத்தார், படித்துச் சொல்லச் சொல்லி.

பிடுங்கியிருக்கலாம். கை எழவில்லை எனக்கு.

தெய்வானை பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். விரல் வைத்து வரிவரியாகப் படித்தாள். 'தங்கள் மகள் தெய்வானை மந்தபுத்தி உடையவளாகவும் கீழ்ப்படியாதவளாகவும் இருப்பதால் பள்ளிப் படிப்புக்குத் தகுதியற்றவள் என்று கருதப்படுகிறாள். அவளை நிறுத்திக்கொள்ளச் சம்மதித்துக் கீழே ஒப்பமிடவும்.' நல்ல குண்டுக் கையெழுத்தில் எழுதியிருந்தேன். மந்தபுத்திக்காரி என்று நான் சான்று கொடுத்த பிள்ளை, ஒரு சொல்லிலும் தடுக்காமல் அதைப் படித்து முடித்தாள்.

அப்புறம் அம்மாவுக்கு எதிரில் நின்று சொன்னாள். தன் நெஞ்சைத் தொட்டாள். நெற்றியைத் தட்டி, கையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். பள்ளிக்கூடம் இருக்கும் திசையைக் காட்டி, வேண்டாம் என்று விரலசைத்தாள். தார் சுற்றும் ராட்டையைக் காட்டினாள். காகிதத்தின் அடியைத் தொட்டு, கட்டை விரலை அழுத்திக் காட்டினாள். கைநாட்டு வைக்க வேண்டிய இடம் அது.

ஒன்றைக்கூட விடவில்லை. மாற்றியும் சொல்லவில்லை. வேறு யாரைப் பற்றியோ வந்த கடிதம்போல நேர்மையாகச் சொல்லிவிட்டு, காகிதத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, ராட்டையின் முன்னால் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

என் காது மடல் எரிந்தது. இப்படி ஒரு வெட்கத்தை அதற்கு முன்னால் நான் பட்டதில்லை.

கரண்ட் போனது

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. நாலு தறியும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. காது அடைத்துப் போய், பிறகு மெல்லத் திறந்தது. எங்கோ கோழி கேறுவது கேட்டது.

"மந்தம்னு எழுதியிருக்குதுங்களா டீச்சர்?" பழனியம்மாளின் குரலை அப்போதுதான் முதல்முறை கேட்டேன். மெல்லிய குரல். கோபமே இல்லை அதில். "எந்தக் காயிதம் வந்தாலும் அவொதானுங்க படிச்சுச் சொல்லுவா. மந்தமுங்களா அது?"

தப்பு செய்தவளுக்குத்தான் வீம்பு அதிகம். "படிக்கிறாள், இல்லையென்று சொல்லவில்லை. கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லைங்க. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்றேன்.

"இல்லீங்களே. எங்கூட்ல ஒருதரம் கூப்புட்டாப் போதுமுங்களே."

"எங்கே, கூப்பிடுங்க பார்க்கலாம்."

இது ஏதோ நான் கண்டுபிடித்துச் செய்த சோதனை என்று நினைக்காதீர்கள். வெறும் வீம்பு.

பழனியம்மாள் தறியின் மேலிருந்த நூல் உருண்டையை எடுத்தார்.

"அது எதற்குங்க? வாயால் கூப்பிடுங்க."

அவர் கொஞ்சம் சிரித்தார். "பழக்கமுங்க டீச்சர். தறி ஓடுனாலும் ஓடாட்டியும் கை இதுக்குத்தானுங்க போகுது." பிறகு கூப்பிட்டார். "தெய்வானெ."

தெய்வானை சிக்கல் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"தெய்வானெ. ஏங் கண்ணு, இங்க வா சாமி."

அசையவில்லை.

"வெளையாட்டுப் பண்றாளுங்க" என்றார். குரலில் ஏதோ தட்டுப்பட்டது. ரெண்டு எட்டு முன்னால் போய், வாயைக் குவித்து, ஊரே கேட்கிறமாதிரி மகள் பெயரைச் சொல்லிக் கத்தினார்.

நான் பக்கத்தில் கிடந்த ஸ்பானரை எடுத்துத் தகர டப்பாவை ஓங்கி அடித்தேன். அடுத்த வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது. கோழி பறந்து ஓடியது. பத்தடி தூரத்தில் அந்தச் சின்ன முதுகு குனிந்தபடி, நிதானமாக நூலின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தது.

பழனியம்மாள் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அந்த முகத்தை நான் எழுதப்போவதில்லை.

கையிலிருந்த உருண்டையை மெல்ல வீசினார். முதுகில் பட்டதும் தெய்வானை திரும்பினாள். அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். என்ன என்று புருவத்தைத் தூக்கிக் கேட்டாள்.

பழனியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அஞ்சு வயசுல வெசக்காச்ச வந்து பொழச்சாளுங்க. அப்பறம் பேச்சுக் கொறஞ்சு போச்சு. பயந்துட்டான்னு சொன்னாங்க, மந்திரிச்சுக் கவுறு கட்டுனமுங்க." நின்றுபோன தறியைத் திரும்பிப் பார்த்தார். "நாலு வருசமா நான் ஆருகூடப் பேசீட்டிருந்தனுங்க டீச்சர்?"

 நான் மட்டும் ஆறு மாதமாக யாருடன் பேசிக்கொண்டிருந்தேன்?

அந்தத் தாயைக் குறை சொல்ல முடியுமா? எல்லாரும் உதட்டைப் பார்த்துப் பேசும் வீட்டில், எல்லாரையும் நூல் உருண்டையால் கூப்பிடும் வீட்டில், அவளிடம் எந்தக் குறையும் தெரியவில்லை. அங்கே அவள் எல்லாரையும்விடக் கெட்டிக்காரி. அந்தக் குறை என் வகுப்பில் மட்டும்தான் இருந்தது. நான் பின்னால் நடந்தபோதும், பலகையைப் பார்த்துப் பேசியபோதும் அதை நானே தினம் தினம் உண்டாக்கினேன். உண்டாக்கியதற்கு அவளை அடிக்கவும் செய்தேன்.

அடித்ததைச் சொன்னேன். சொல்லாமல் வர மனம் வரவில்லை. 'என் பிள்ளை மேல் எப்படிக் கை வைத்தாய்' என்று கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பழனியம்மாள் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். பெத்தவ நான் மின்னயே பாத்துச் சொல்லியிருக்கோணுமுங்க."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். 

காகிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். கிளம்பும்போது அவர் உள்ளே போய் ஒரு நூல் உருண்டையை எடுத்து வந்தார். "இத வெச்சுக்கங்க. கூப்புடறதுக்கு ஆகுமுங்க" என்றார்.

மறுநாள் ஆஜர்

தலைமையாசிரியரிடம் காலையில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காகிதத்தை வாங்கி நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "வகுப்புக்குப் போங்க டீச்சர், மணியடிச்சாச்சு" என்றார்.

நடந்து போகும்போது ஒரு திட்டம் இருந்தது எனக்கு. அவளைக் கூப்பிட்டு முதல் பெஞ்சில், என் முகத்துக்கு நேரே உட்காரவைப்பது. அவள் நேற்றுச் சிரித்தமாதிரி சிரிப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. உண்மையில் அப்படித்தான் நினைத்தேன்.

"தங்கமணி."

"உள்ளேன் டீச்சர்."

அடுத்த பெயரை வாசிக்கவில்லை. மேசையை விட்டு எழுந்து, பெஞ்சுகளுக்கு எதிரில் வந்து நின்று, நூல் உருண்டையை வீசினேன். அவள் தோளில் பட்டு மடியில் விழுந்தது. வகுப்பு கொல்லென்று சிரித்தது.

தெய்வானை உருண்டையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். வீட்டுச் சாமான் இங்கே எப்படி வந்தது என்று சுற்றிலும் தேடினாள். கடைசியில் என்னைப் பார்த்தாள். நான் சத்தமில்லாமல், நிதானமாக வாயசைத்து அவள் பெயரைச் சொன்னேன். அவளுக்குப் புரிந்தது. என் உதட்டில் அவள் தன் பெயரைப் பார்த்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

சிரிக்கவில்லை. உருண்டையைப் பத்திரமாகப் பெஞ்சின் மேல் வைத்தாள். எழுந்து வந்து என் முன்னால் நின்றாள். இடது கையை நீட்டினாள்.

ஆறு மாதத்தில் நான் அவளைக் கூப்பிட்டதெல்லாம் அதற்குத்தான்.